டொமைன் காலி என்று ஸ்கிரிப்ட் சொன்னால் நம்பலாமா?

கேள்வி: பட்டியலில் உள்ள பெயர்களில் எந்த டொமைன் காலி என்று பார்க்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பெயருக்குரிய சர்வர் முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸில் ஐபி முகவரி கிடைக்காவிட்டால் 'காலி' என்று காட்டும். அப்படிக் காட்டிய பெயரை வாங்கப் போனால், ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்கிறார்கள். நான் தேடுவதை யாரோ பார்த்து முந்திக்கொள்கிறார்களா?

பதில்: அநேகமாக இல்லை. உங்கள் ஸ்கிரிப்ட் ஆள் மாற்றிக் கேட்கிறது. ஒரு பெயர் எந்த சர்வரைக் காட்டுகிறது என்பதுதான் டிஎன்எஸ்ஸுக்குத் தெரியும். அதற்கு உரிமையாளர் இருக்கிறாரா என்பது பெயர்களின் பதிவேட்டை வைத்திருக்கும் பதிவகத்துக்குத்தான் தெரியும். வாங்கிவிட்டு நேம்சர்வர் (பெயருக்கான டிஎன்எஸ் பதிலைத் தரும் சர்வர்) வைக்காமல் சும்மா போட்டிருக்கும் பெயர்கள் ஏராளம். அவை எல்லாமே உங்களுக்குக் காலியாகத் தெரியும்.

பதிவு விவரத்தைப் பதிவகத்திடமே கேட்கும் முறையான ஆர்டிஏபி வழியாகக் கேளுங்கள். எந்த நீட்டிப்புக்கு (டாட் காம் போன்ற கடைசிப் பகுதி) எந்த சர்வர் என்ற பட்டியலை, இணையப் பெயர்களையும் எண்களையும் ஒருங்கிணைக்கும் ஐயானா வெளியிடுகிறது. டாட் காம் என்றால் அதன் பதிவகமான வெரிசைனின் சர்வர். பெயர் பதிவாகியிருந்தால் 200, இல்லையென்றால் 404 என்று பதில் வரும். 404-ஐ மட்டும் 'காலி' என்று எடுங்கள். அடுத்தடுத்துக் கேட்டால் 429 என்று கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்கு 'தெரியவில்லை' என்றுதான் அர்த்தம். இடைவெளி விட்டுக் கேளுங்கள்.

இதே விவரத்தைக் கேட்கும் பழைய முறையான ஹூயிஸ் பக்கம் போகாதீர்கள். ஒரு பதிவகம் 'நோ மேட்ச்' என்னும், இன்னொன்று 'நாட் ஃபவுண்ட்' என்னும். ஆமா, இல்லை என்ற ஒரு பதிலைக்கூட ஒரே மாதிரி சொல்ல வைக்காமல் இத்தனை வருடம் ஓட்டினார்கள். ஆர்டிஏபி தரம் 2015-லேயே வந்துவிட்டது. டாட் காம் போன்ற பொது நீட்டிப்புகளுக்கு ஹூயிஸ் கட்டாயமில்லை என்று, டொமைன் விதிகளை வகுக்கும் ஐகேன் சொல்ல 2025 ஜனவரி ஆனது!

காலாவதியான பெயர்களில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். டாட் காம் பெயர் காலாவதியானதும் உடனே விடுபடாது. புதுப்பிக்க 45 நாள் வரை சலுகைக் காலம் இருக்கலாம். அழித்த பிறகும் பழைய உரிமையாளர் மீட்டுக்கொள்ள 30 நாள் உண்டு. அந்த நாட்களில் பெயர் டிஎன்எஸ்ஸில் இருக்காது, ஆனால் பதிவில் இருக்கும். ஆர்டிஏபி பதிலில் 'ரிடெம்ப்ஷன் பீரியட்' என்று நிலை தெரியும். பிறகு 'பெண்டிங் டெலீட்' என்று 5 நாள். அப்போது யாராலும் மீட்க முடியாது. அதற்கப்புறம்தான் பெயர் வெளியே வரும். இடையில் ஒருவர் 'முன்பணம் கட்டுங்கள், கண்டிப்பாகப் பிடித்துத் தருகிறேன்' என்றால் கட்டாதீர்கள். பலர் ஒரே நொடியில் பாயும் இடத்தில் கண்டிப்பு என்று ஒன்று கிடையாது. கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று எழுத்தில் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

நீங்கள் பயந்த திருட்டும் நடக்காததல்ல. பெயர் தெரியாத 'இலவசச் சோதனை' தளங்களில் உங்கள் பட்டியலை மொத்தமாக ஒட்டாதீர்கள்; அது யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. பதிவகத்தை நேராகக் கேட்கும் ஸ்கிரிப்ட்டில் இடைத்தரகரே கிடையாது.

404 வந்த பிறகும், பெயரை விற்கும் நிறுவனமான ரிஜிஸ்ட்ராரின் தளத்தில் விலையைப் பாருங்கள். 'பிரீமியம்' பெயரென்றால் காலியாக இருந்தும் பல மடங்கு கேட்பார்கள். ஆர்டிஏபி அதைச் சொல்லாது. புதுப்பிக்கும் கட்டணமும் அதே உயரத்தில்தானா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.