குடலைக் கழுவத்தான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு 52 வயது. உப்புவெளியில் இருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் சிறுநீரில் கிருமித் தொற்று வந்து, அடுத்தடுத்து இரண்டு தரம் அன்டிபயோட்டிக் எடுத்தேன். சீனியும் கூடியிருந்ததால் கிளினிக்கில் மெட்போமினை அந்த நேரம் கூட்டித் தந்தார்கள். அன்றிலிருந்து வயிறு பொருமுகிறது, காலையில் மூன்று தரமாவது இளக்கமாகப் போகிறது. நல்ல கிருமியெல்லாம் செத்துப்போயிருக்கும் என்று மகன் லண்டனிலிருந்து புரோபயோட்டிக் அனுப்பியிருக்கிறான். மாமி மரமஞ்சளும் கொத்தமல்லியும் அவித்துத் தருகிறார். பக்கத்து வீட்டு அக்காவோ, பேதிக்குக் குடித்துக் குடலைச் சுத்தம் செய்தால்தான் சரிவரும் என்கிறார். எதை எடுப்பது, எதை விடுவது?

பதில்: பக்கத்து வீட்டு அக்கா கோபித்தாலும் பரவாயில்லை, பேதி மருந்தை இப்போதே விட்டுவிடுங்கள். ஏற்கெனவே மூன்று தரம் போகிற வயிற்றுக்குப் பேதி எதற்கு? உடம்பில் நீரும் உப்பும் குறையும். சீனிக்குக் குளிசை எடுப்பவருக்கு அது சிறுநீரகத்தையும் சோதிக்கும்.

என்னுடைய அப்பம்மாவும் பள்ளி விடுமுறை தொடங்கினால் ஆமணக்கெண்ணெயோடுதான் நிற்பார். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினது இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் காலத்துப் பிள்ளைகளின் வயிற்றில் பூச்சி நிறைய. வேறு மருந்தும் கைக்கெட்டாது. அதற்காகக் கொடுத்தார்கள். இன்று பூச்சிக்கு ஒரு குளிசை போதும். ஆனால் குடல் என்பது அடிக்கடி கழுவவேண்டிய அழுக்குக் குழாய் என்ற நினைப்பு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

அந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மனிதரின் உடம்பில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில். அத்தனையையும் சேர்த்து நிறுத்தால் கால் கிலோகூட வராது. நமக்குச் சமிக்காத நார்ச்சத்தை இவைதான் புளிக்கவைத்து, குடற்சுவரின் கலங்களுக்கு வேண்டிய கொழுப்பமிலங்களைத் தருகின்றன. பேதி போனால் இவற்றில் பெரும்பங்கு அடித்துக்கொண்டு போகும். பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்காகக் கழுவியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, சுமார் இரண்டு வாரத்தில் பழைய கூட்டமே திரும்பி வந்துவிட்டது. அதாவது கழுவினாலும் ‘கெட்டது போய் நல்லது மட்டும்’ நிற்பதில்லை.

பேதிக்குக் கொடுக்கும் நிலவாகையைப் பற்றி ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த இலையில் இருக்கும் சத்து அப்படியே உள்ளே போனால் பெரிதாக ஒன்றும் செய்யாது. பெருங்குடலில் இருக்கும் பக்டீரியாக்கள் அதை உடைத்து மாற்றிய பிறகுதான் குடலை முடுக்கும். எந்தக் கிருமியைக் கழுவ நினைக்கிறோமோ, அதன் கையால்தான் அந்த மருந்தே வேலை செய்கிறது.

சரி, மாமியின் கசாயத்துக்கு வருவோம். கொத்தமல்லியில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. தடிமனுக்குக் கொத்தமல்லி அவிக்காத வீடு இந்த ஊரில் உண்டா? யோசிக்க வேண்டியது மரமஞ்சளைத்தான். சிங்களத்தில் வெனிவெல்கெட்ட என்று சொல்லிக் கடைகளில் பொட்டலமாக விற்பதும் இதுதான். இதிலுள்ள பெர்பெரின் என்ற மஞ்சள் நிறப் பொருளுக்குக் கிருமிகளை அடக்கும் குணம் உண்மையிலேயே உண்டு. வயிற்றோட்டத்துக்கு இதைப் பயன்படுத்திய பழைய வைத்தியர்கள் சும்மா சொல்லவில்லை. ஆனால் பெர்பெரின் இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். பெரும்பகுதி குடலிலேயே தங்கிவிடும். அங்கே கெட்ட கிருமி, நல்ல கிருமி என்று அது ஆள் பார்ப்பதில்லை. இரண்டு தரம் அன்டிபயோட்டிக் கண்ட குடலுக்கு, அதே மாதிரி வேலை செய்யும் இன்னொன்றைத் தினமும் ஊற்றுவது நல்லதாக எனக்குப் படவில்லை. இன்னொன்று: பெர்பெரின் இரத்தத்துச் சீனியையும் இறக்கும். கூட்டிய மெட்போமினோடு அது சேர்ந்தால் கிளினிக்கில் பார்க்கும் அளவு எதனால் இறங்கியது என்றே தெரியாமல் போகும். மாமியிடம் பக்குவமாகச் சொல்லி, மரமஞ்சளை மட்டும் நிறுத்துங்கள்.

நான் நாட்டு வைத்தியத்துக்கு எதிரி இல்லை. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாக நடக்கிறது. அங்கே படித்து வந்த வைத்தியர் ஒருவரிடம் போனால் அவர் முதலில் நாடி பார்ப்பார், என்னென்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று கேட்பார். பொட்டலத்தை வாங்கி நாமே அவித்துக் குடிப்பது வேறு கதை.

மகனின் போத்தலைப் பற்றிச் சொன்னால் அவர் மனம் நோகக்கூடாது. அன்டிபயோட்டிக் எடுக்கும்போதே கூடவே எடுத்தால், சில வகைப் புரோபயோட்டிக்குகள் அதனால் வரும் வயிற்றோட்டத்தைக் குறைக்கும். அவற்றில் ஒன்று பக்டீரியாவே அல்ல, மதுவம் (ஈஸ்ட்). லைச்சி, மங்குஸ்தான் பழங்களிலிருந்து பூலார் என்ற பிரெஞ்சுக்காரர் 1923இல் பிரித்தெடுத்தார். இந்தோசீனாவில் கொலரா பரவியபோது ஊர்ச்சனம் அந்தப் பழத்தோலை அவித்துக் குடித்ததைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்ததாம். மதுவம் என்பதால் அன்டிபயோட்டிக் அதைக் கொல்லாது. அன்டிபயோட்டிக் முடிந்த பிறகு எடுப்பதில்தான் சிக்கல். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அன்டிபயோட்டிக் எடுத்தபின் ஒன்றும் கொடுக்காமல் விட்டவர்களின் குடல் சுமார் 3 வாரத்தில் பழைய நிலையை நெருங்கியது. 11 வகைக் கிருமி கலந்த புரோபயோட்டிக் எடுத்தவர்களுக்கோ மாதங்கள் ஆகின. வந்த விருந்தாளிகள் வீட்டுக்காரரை உள்ளே விடவில்லை. 21 பேரை மட்டும் பார்த்த சிறிய ஆய்வுதான், அவர்களும் சுகதேகிகள். ஆனாலும் அன்டிபயோட்டிக் முடித்துப் பல வாரமான உங்களுக்கு அந்தப் போத்தலைத் திறக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

தானாகவே திரும்புமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் திரும்பும். டென்மார்க்கில் 12 ஆண்களுக்கு மூன்று அன்டிபயோட்டிக்குகளை ஒன்றாக நான்கு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றரை மாதத்தில் குடல் ஏறக்குறைய பழையபடி வந்தது. சில இனங்கள் மட்டும் ஆறு மாதமாகியும் காணவில்லை. தம்பலகாமத்து வயலில் வெள்ளம் வடிந்ததும் முதலில் தலைகாட்டுவது நெல்லா, புல்லா? குடலிலும் அப்படித்தான். முதலில் வேகமாகப் பெருகுகிறவை இடம்பிடிக்கும், அப்புறம் மற்றவை மெல்ல வரும். வருகிறவற்றுக்குச் சாப்பாடு வேண்டும். குரக்கன், ஊர்ச் சிவப்பரிசி, பயறு, கௌப்பி, முருங்கையிலை, வல்லாரைச் சம்பல் எல்லாம் அவற்றுக்கும் சேர்த்துத்தான். பழஞ்சோற்றிலும் பலன் உண்டு: ஆறிய சோற்றின் மாப்பொருளில் ஒரு பங்கு சிறுகுடலில் சமிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். ஒரு கோப்பை போதும், சீனி இருக்கிறதே. பயறு, உள்ளி இரண்டும் தொடக்கத்தில் பொருமலைக் கூட்டலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சட்டித் தயிர் தாராளமாகச் சாப்பிடலாம், கித்துள் பாணி இல்லாமல்.

இவ்வளவும் எழுதினாலும், எனக்கு உண்மையில் சந்தேகம் வேறு இடத்தில். மெட்போமினைக் கூட்டினார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மெட்போமின் தொடங்கும்போதும் அளவு கூட்டும்போதும் வயிறு பொருமுவதும் இளக்கமாகப் போவதும் மிகச் சாதாரணம். குடல் பக்டீரியாக்களின் கலவையையும் அது மாற்றும். நாளும் பொருந்துகிறது. நீங்களாக நிறுத்த வேண்டாம். சீனி ஏறினால் சிறுநீர்த் தொற்று திரும்பவும் வரலாம். சாப்பாட்டோடு எடுக்கிறீர்களா என்று பாருங்கள். மெல்லக் கரையும் வகை ஒன்றும் உண்டு, பலருக்கு அது ஒத்துக்கொள்ளும். கிளினிக்கில் கேளுங்கள்.

ஆனால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக்கூடாத சில விஷயங்கள் இருக்கின்றன. மலத்தில் இரத்தம், காய்ச்சல், இரவில் எழுப்பிவிடும் வயிற்றோட்டம், காரணமில்லாமல் மெலிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அன்டிபயோட்டிக் எடுத்துச் சில வாரம் கழித்தும் ஒரு பொல்லாத கிருமி பெருங்குடலைத் தாக்கலாம், அதற்குத் தனி மருந்து. அதுவரை தண்ணீர் போலப் போனால், இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனித் தூளைக் கரைத்துக் குடியுங்கள், வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசையைப் பாமசியில் கேட்டு வாங்காதீர்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும், ஐம்பது தாண்டியவருக்கு மலம் போகும் முறை மாறி அப்படியே நின்றால் ஒருதரம் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

போகும்போது கிளினிக் கொப்பியோடு மகன் அனுப்பிய போத்தலையும் மரமஞ்சள் பொட்டலத்தையும் கொண்டுபோங்கள். டொக்டர் ஏசுவார் என்று பலர் இவற்றை வீட்டில் ஒளித்துவிட்டு வருகிறார்கள். ஏசினால் ஏசட்டும், காட்டிவிட்டு வாருங்கள்.