கல்பாசி கிருமியைக் கொல்லுமா? தினமும் பொடி செய்து சாப்பிடலாமா?

கொல்லும். ஆனால் எதில் கரைத்து எடுக்கிறோம், எந்தக் கிருமி என்பதைப் பொறுத்தது.

எம்.எஸ்ஸி. படித்தபோது என் ப்ராஜெக்ட்டே இதுதான். மளிகைக் கடையில் வாங்கிய கல்பாசியைத் தட்டில் கொட்டினால் மரப்பட்டைத் துணுக்கு, மண், கூடவே இரண்டு மூன்று இன லைக்கன்கள் (கல்பாசியே ஒரு லைக்கன்தான்). பொறுக்கிச் சுத்தம் செய்யவே ஒரு நாள் போனது. தண்ணீரில் கொதிக்கவைத்த சாறு எந்தக் கிருமியையும் அசைக்கவில்லை. அப்புறம் அசிட்டோனில் ஊறவைத்தேன். அந்தச் சாற்றைச் சின்ன வட்டக் காகிதத்தில் சொட்டி, அசிட்டோன் ஆவியானதும் கிருமி வளர்க்கும் அகர் தட்டில் வைத்தேன். மறுநாள் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா இருந்த தட்டில் காகிதத்தைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வளையம். ஈ.கோலையோ காகிதத்தின் விளிம்புவரை செழித்து வளர்ந்திருந்தது.

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக்குடித்தனம். கிருமியைத் தடுக்கும் அட்ரனோரின், லெக்கனோரிக் அமிலம் போன்ற சேர்மங்களைத் தயாரிப்பது பூஞ்சைதான். இவற்றில் பல தண்ணீரில் சரியாகக் கரையாது. ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு இருப்பதால் இவை எளிதில் உள்ளே நுழைவதில்லை.

ஆக்சிஜனேற்றத் தடுப்பு (ஆன்டிஆக்ஸிடன்ட்) குணமும் உண்டா? டிபிபிஹெச் என்ற ஊதாக் கரைசலில் சாற்றை விட்டால் மஞ்சளாக வெளுக்கும். இந்தச் சேர்மங்களில் உள்ள ஃபீனால் தொகுதிகள் ஹைட்ரஜனைக் கொடுத்து ஃப்ரீ ராடிக்கலை (ஜோடியில்லா எலக்ட்ரான் உள்ள மூலக்கூறை) அடக்குவதால் வரும் நிறமாற்றம் அது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் டீ டிகாக்‌ஷனை விட்டாலும் வெளுக்கத்தான் செய்யும். சோதனைக் குழாயில் நடப்பதெல்லாம் ரத்தத்திலும் நடக்கும் என்று சொல்ல முடியாது.

இனி பொடி விஷயம். மரக்கிளையில் தாடி போலத் தொங்கும் உஸ்னியா லைக்கனில் உஸ்னிக் அமிலம் இருக்கிறது. 1844லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். அந்தக் கூடுதல் சவ்வு இல்லாத, ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் கிருமிகளுக்கு நல்ல எதிரி. அது நம் செல்லில் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலும் கைவைக்கும். ஆற்றல், செல்லின் எரிபொருளான ஏடிபி ஆகாமல் வெப்பமாக வீணாகும். "கொழுப்பு கரையும்" என்று இதை மாத்திரையில் சேர்த்து விற்றார்கள். சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் கெட்டதால் 2001இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது. கடைக் கல்பாசி வேறு இனம்தான். ஆனாலும் பொட்டலத்தில் என்னென்ன கலந்திருக்கும் என்று தெரியாமல் தினமும் ஸ்பூன் கணக்கில் சாப்பிடச் சொல்ல மாட்டேன். லைக்கன்கள் காற்றிலுள்ள ஈயம் முதலான உலோகங்களையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ரகம் வேறு.

செட்டிநாட்டுக் குழம்புக்கு இரண்டு இதழ் போடுவதில் பயமே வேண்டாம். அதையும் எண்ணெய் காய்ந்ததும் போடுங்கள், மணம் அப்போதுதான் வரும்.