காது அறுவை மருத்துவர் ஆராய்ச்சிக்குப் போனால் கை மழுங்கிவிடுமா?

ஆபரேஷன் தியேட்டரில் நிற்க வேண்டிய வயதில் ஆய்வுக்கூடத்துக்குப் போவது வீண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். ஈஎன்டி மேற்படிப்பில் இருப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். சீனியர் யாரோ இப்படிச் சொல்லி உங்களைக் குழப்பியிருப்பார். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும்.

காது கேளாதவர்களின் உள்காதில் மின்முனைகளை வைத்துச் செவி நரம்பைத் தூண்டும் கருவியை (காக்ளியர் இம்பிளாண்ட்) உருவாக்கியவர்களில் ஒருவரான ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடை வைத்திருந்த அவருடைய அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது. மெல்பர்னில் அறுவை மருத்துவராக இருந்த கிளார்க், 1960களின் நடுவில் அதை விட்டுவிட்டு சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். பூனைகளின் செவி நரம்புக்கு மின்துடிப்பு கொடுத்து மூளைத்தண்டில் பதிவு செய்தார். துடிப்பு விநாடிக்குச் சில நூறைத் தாண்டினால் அங்குள்ள செல்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. பேச்சு விளங்கவோ 2000, 3000 ஹெர்ட்ஸ் வரை தேவை. ஆகவே ஒரே மின்முனை போதாது. உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவின் அடிப்பகுதி கீச்சொலிக்கும் நுனி கனத்த ஒலிக்கும் உரியது என்பதால், பல மின்முனைகளை உள்ளே வரிசையாக வைத்தாக வேண்டும். எத்தனை காது அறுத்திருந்தாலும் தியேட்டரில் இது தெரிந்திருக்காது.

அடுத்த சிக்கல், அந்த இரண்டரைச் சுற்றுச் சுருளுக்குள் மின்முனைகள் கொண்ட கம்பியை எப்படி நுழைப்பது என்பது. முழுக்க விறைப்பான கம்பி வளைவில் முட்டி உள்சவ்வைக் கிழிக்கும். முழுக்கத் துவளும் கம்பி பாதியிலேயே மடங்கும். 1977இல் கடற்கரையில் ஒரு சங்குக்குள் புல்லைச் செருகிப் பார்த்துத்தான் கிளார்க் விடை கண்டார்: நுனி துவள வேண்டும், அடி விறைப்பாக இருக்க வேண்டும்.

பொருளும் முக்கியம். மின்முனைகள் பிளாட்டினம், அவற்றைத் தாங்குவது சிலிக்கோன். துடிப்பின் நேர், எதிர் மின்னூட்டம் ஒன்றையொன்று சமன் செய்யாவிட்டால் மின்பகுப்பில் உண்டாகும் பொருள்கள் திசுவைக் கெடுக்கும்.

1978 ஆகஸ்ட் 1 அன்று, கார் விபத்தில் செவித்திறனை இழந்த ராட் சாண்டர்ஸுக்குக் கருவியைப் பொருத்தினார்கள். கத்தி பிடித்தவர்களில் கிளார்க்கும் ஒருவர். கை மழுங்கவில்லை! அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகப் பெரிய விஷயம். ஒவ்வொரு மின்முனையாகத் தூண்டியபோது சாண்டர்ஸ் வெவ்வேறு உயிரொலிகள் கேட்பதாகச் சொன்னார். அதை வைத்தே பேச்சின் இரண்டாம் ஃபார்மண்ட்டை (உயிரொலிகளை வேறுபடுத்திக் காட்டும் அதிர்வெண்களில் இரண்டாவதை) பிரித்தெடுத்து, எந்த மின்முனையைத் தூண்டுவது என்பதை அதன்படியும், துடிப்பின் வேகத்தைக் குரலின் அடிப்படை அதிர்வெண்ணின்படியும் முடிவு செய்தார்கள். பேச்சு விளங்கத் தொடங்கியது.

இங்கே சிலர் சண்டைக்கு வருவார்கள். கிளார்க்தான் முதல்வர் என்று நான் சொல்லவில்லை. பாரிசில் ஜூர்னோவும் எய்ரியேவும் 1957இலேயே முயன்றார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸ் 1961இல் தொடங்கினார். அவருடைய ஒற்றை மின்முனைக் கருவிக்கு 1984இல் மருந்து, மருத்துவக் கருவிகளை அனுமதிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது. வியன்னாவில் ஹோக்மைர் தம்பதியினரின் பல மின்முனைக் கருவி 1977 டிசம்பரிலேயே பொருத்தப்பட்டது. என் வாதம் யார் முந்தி என்பதல்ல, தியேட்டரில் கிடைக்காத விடை ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது என்பதுதான்.

குழந்தைகளுக்குப் பொருத்தும் முன் இன்னும் இரண்டு கேள்விகள் எழுந்தன. நடுக்காதில் சீழ் வந்தால் கம்பி வழியே தொற்று உள்காதுக்குப் போகாதா? நுழையும் இடத்தைச் சுற்றி நார்த்திசு உறை உருவாகித் தடுக்கிறது என்று விலங்குச் சோதனைகள் காட்டின. மண்டையோடு வளரும்போது கம்பி இழுபடாதா? காக்ளியா பிறக்கும்போதே முழு அளவில் இருக்கிறது. கம்பியின் வெளிப்பகுதியைத் தளர்வாக விட்டால் போதும். 1990இல்தான் இரண்டு வயது முதலான குழந்தைகளுக்கு எஃப்டிஏ அனுமதித்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். கருவியை முதன்முதலாக ஆன் செய்ததும் குழந்தை சிரிக்கும் வீடியோக்களைப் பரப்பாதீர்கள். அதைப் பார்க்கும் பெற்றோர், வேலை முடிந்தது என்று நினைத்துக் கேட்டல் பயிற்சியைப் பாதியில் நிறுத்திவிடக் கூடும். பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு அன்று கிடைப்பது சத்தம் மட்டும். அது மொழியாக மாறப் பல வருடப் பயிற்சி வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உள்காதைச் சுற்றியிருக்கும் பொட்டெலும்பை டிரில் செய்து பழகுவதை விடாதீர்கள். முக நரம்புக்கும் சுவை நரம்பான கார்டா டிம்பனிக்கும் நடுவில் வழி திறந்து, காக்ளியாவின் வாசலான வட்டச் சாளரத்தைத் தெளிவாகப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கம்பியை மெதுவாகச் செலுத்துங்கள். தடை தட்டினால் தள்ளாதீர்கள். தள்ளினால் நுனி மடங்கும், இல்லாவிட்டால் சவ்வைத் துளைத்து காக்ளியாவின் மேல் அறைக்குள் போகும். பிறகு செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து, கருவியை நோயாளிக்கு ஏற்றபடி அமைக்கும் மேப்பிங்கைப் பாருங்கள். ஒவ்வொரு மின்முனைக்கும் சத்தம் கேட்கத் தொடங்கும் அளவையும், உறுத்தாமல் கேட்கும் உச்ச அளவையும் எடுப்பார். நீங்கள் வைத்த மின்முனைகளில் எது பேச்சுக்கு உதவுகிறது, எது முகத் தசையைத் துடிக்க வைக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். உங்கள் ஆராய்ச்சிக் கேள்வியும் அநேகமாக அங்கேதான் கிடைக்கும்.