இடிக்கப்போகும் பழைய கட்டடத்தின் தூண், கதவுகளை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா? எப்படிப் பாதுகாப்பார்கள்?

கொடுக்கலாம். ஆனால் கொண்டுபோய் இறக்கியதும் வாங்கிக்கொள்வார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு அருங்காட்சியகக் கிடங்கில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். உங்களைப் போல யாராவது வந்தால், கழற்றுமுன் படம் எடுத்தீர்களா என்றுதான் முதலில் கேட்போம். எத்தனை வருடப் பழசு என்பதெல்லாம் அப்புறம்.

மேலே எதைத் தாங்கியது, எந்தப் பக்கம் வாசலைப் பார்த்து நின்றது என்று தெரியாத தூண் வெறும் செதுக்கிய கல்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மண்டபத்தின் துண்டுகள் லாரியில் வந்தன. கழற்றியவர்கள் ஒவ்வொரு கல்லிலும் ஒழுங்காக எண் போட்டிருந்தார்கள், சுண்ணக்கட்டியால். வழியில் நல்ல மழை. நாற்பது சொச்சம் கற்கள், ஒன்றில்கூட எண் இல்லை. முகப்பைப் பார்த்தால் எல்லாத் தூணிலும் ஒரே பூவேலை, ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் முதுகுப்பக்கம்தான் கைகொடுத்தது. உளி போன தடம், கல்லோடு கல்லைப் பிணைக்கும் முளை இறங்கிய குழி, பழைய சுண்ணாம்புச் சாந்து ஒட்டியிருந்த விளிம்பு என்று பார்த்துப் பார்த்துச் சேர்க்க நான்கு மாதம் ஆயிற்று. அதிலிருந்து எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. காவலர்கள் முறைப்பார்கள்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். மதுரை மதனகோபால சுவாமி கோயில் மண்டபத்தின் கற்களை 1912-இல் அடலைன் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்கப் பெண் வாங்கிப் போனார். 1919-இல் அவை ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் வாங்கும்போதே அவை பிரித்துப்போட்ட கற்குவியல். அதனால் எது எங்கே நின்றிருக்கும் என்பதைப் பின்னால் வந்த அறிஞர்கள் யோசித்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. சிகாகோவின் பழைய பங்குச் சந்தைக் கட்டடத்தை 1972-இல் இடித்தபோதோ, வர்த்தகக் கூடத்தின் பாகங்களை முறையாகக் கழற்றி எடுத்துவைத்தார்கள். அந்தக் கூடத்தை நகரின் கலை அருங்காட்சியகத்துக்குள் திரும்பக் கட்ட முடிந்தது அதனால்தான். ஆனால் அதே கட்டடத்திலிருந்து துண்டுகளை மீட்கப் போன புகைப்படக்காரர் ரிச்சர்ட் நிக்கல், உள்ளே இடிந்து விழுந்ததில் சிக்கி இறந்துபோனார். தயவுசெய்து இடிக்கிற வேலை நடக்கும்போது நீங்களாக உள்ளே போகாதீர்கள்.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். கல்லுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்பார்கள். உப்பு வரும். வருடக்கணக்கில் மண்ணிலிருந்து உறிஞ்சிய உப்பு கல்லுக்குள் கிடக்கும். காற்றில் ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அது கரைந்து, மறுபடி படிகமாகி, மேல்தோலை உள்ளிருந்து தள்ளும். காலையில் வந்து பார்த்தால் தரையில் மாவு மாதிரி கொட்டியிருக்கும், செதுக்கல் மழுங்கியிருக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறிய காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பிக் காயவிடுவோம். காயும்போது கூழ் உப்பை இழுத்துக்கொள்ளும். உரித்துவிட்டு மறுபடி அப்ப வேண்டும், வாரக்கணக்கில். பழங்காலப் பாபிலோன் நகரத்தின் இஷ்தார் என்ற நுழைவாயிலின் செங்கல் துண்டுகளைக்கூட பெர்லினில் முதலில் தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்த பிறகுதான் ஒட்டினார்கள்.

மரத்தில் பூச்சி இருந்தால் பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 30 டிகிரியில் சில நாள் உறையவைப்பார்கள். கல்லுக்குள் பழைய இரும்பு முளை இருந்தால் எடுத்துவிட்டு, துருப்பிடிக்காத எஃகு வைப்பார்கள். இரும்பு துருவேறினால் பருத்துக் கல்லைப் பிளந்துவிடும்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வருத்தப்படாதீர்கள். கருங்கல் ஒரு கன மீட்டர் இரண்டரை டன்னுக்கு மேல். தரை தாங்க வேண்டும், இடம் வேண்டும், பொருள் உங்களுடையதுதான் என்பதற்குக் காகிதமும் வேண்டும்.

இன்னொன்று, சுத்தம் செய்து கொண்டுவராதீர்கள். ஒருவர் மரியாதைக்காகப் பழைய கதவு முழுவதையும் சுரண்டி, வார்னிஷ் அடித்துப் பளபளவென்று கொண்டுவந்தார். அந்தக் கதவு முதலில் என்ன நிறம் என்று சொல்ல வழியே இல்லாமல் போயிருக்கும். நல்லவேளை, கீலைக் கழற்றியபோது அதன் அடியில் விரலகலத்துக்குச் சுரண்டாமல் தப்பியிருந்தது. பூதக்கண்ணாடியில் ஐந்து அடுக்கு வண்ணம் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது பச்சை.