டபுள்ஸ், ப்ளஸ் ஒன்னில் எடுக்கிற குரூப் அல்ல

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். டென்னிஸ் ஜூனியர் போட்டிகளில் சிங்கிள்ஸ் என்றால் இரண்டாவது சுற்றோடு திரும்பி வருகிறான். டபுள்ஸ் என்றால் கோப்பையோடு வருகிறான். "இவனுக்கு டபுள்ஸ்தான். பள்ளியை நிறுத்தி ஓப்பன் ஸ்கூலில் போடுங்கள், காலையும் மாலையும் என்னிடம் இருக்கட்டும்" என்கிறார் பயிற்சியாளர். "பேட்டைத் தூக்கிப் பரணில் போடு, பயோ மேத்ஸ் எடு" என்கிறார் அவன் அப்பா. ப்ளஸ் ஒன் சேர்க்கைக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. நடுவில் நீங்கள் தூக்கம் இல்லாமல் இருக்கிறீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சியாளர் சொன்னதில் டபுள்ஸ் என்பது சரியாக இருக்கலாம். இப்போதே என்பது தவறு.

டபுள்ஸில் பெயர் எடுத்த நம் ஆட்களையே பாருங்கள். மகேஷ் பூபதி சென்னையில் பிறந்தவர். 1997-ல் பிரெஞ்சு ஓப்பன் கலப்பு இரட்டையர் வென்று, கிராண்ட்ஸ்லாம் எனும் நான்கு பெரிய போட்டிகளில் பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஆனார். அவரும் சிங்கிள்ஸ் ஆடிப் பார்த்து, 217-ஆம் இடம் வரை போனார். லியாண்டர் பயஸ் சென்னையில் அமிர்தராஜ் பயிற்சித் திட்டத்தில் வளர்ந்தவர். ஆடவர் இரட்டையரில் 8, கலப்பில் 10 என்று 18 கிராண்ட்ஸ்லாம் வைத்திருக்கிறார். ஆனால் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவர் வாங்கிய வெண்கலம் சிங்கிள்ஸில்! தரவரிசையில் 73 வரை வந்தவர். ரோகன் போபண்ணா 213. மூவரில் யாருமே பதினாறு வயதில் "நான் டபுள்ஸ் மட்டும்தான்" என்று உட்கார்ந்தவர்கள் இல்லை. சிங்கிள்ஸில் எங்கே தேங்கி நிற்கிறோம் என்று தெரிந்த பிறகு, கையில் இருக்கும் சர்வீஸையும் வாலியையும் (பந்து தரையில் படும் முன் அடிப்பது) வைத்து எங்கே பிழைக்கலாம் என்று கணக்குப் போட்டு வந்தவர்கள்.

இதற்குக் காரணம் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. டபுள்ஸில் ஒருவருக்கு நான்கு கேமுக்கு ஒருமுறைதான் சர்வீஸ் வரும். எதிராளியின் சர்வீஸைத் திருப்புவதும் பாதிப் புள்ளிகளில்தான். ஒரு மணி நேர ஆட்டத்தில் பையன் தொடும் பந்துகள், சிங்கிள்ஸில் தொடுவதில் பாதிகூட இருக்காது. பதினாறிலிருந்து இருபது வரை உடம்பும் அடியும் உருவாகிற வயது. அந்த வயதில் பாதிப் பந்தோடு வளர்ந்தால் பின்னால் அந்தக் கடனை அடைக்க முடியாது. இன்னொன்று, கேட்கக் கொஞ்சம் கசப்பாக இருக்கும். ஜூனியர் மட்டத்தில் டபுள்ஸை யாரும் பெரிதாகப் பயிற்சி செய்வதில்லை. சிங்கிள்ஸில் தோற்ற கடுப்பில் மாலையில் வந்து ஆடிவிட்டு ரயிலைப் பிடிக்கிறவர்கள்தான் அதிகம். அங்கே வலைக்கருகில் துணிச்சலாக நிற்கத் தெரிந்த பையன் ஜெயித்துவிடுவான். தம்பியின் கோப்பைகளைக் குறைத்துச் சொல்லவில்லை. அவற்றை வைத்து பெரிய ஆட்டத்தை அளக்க முடியாது என்கிறேன்.

சர்வதேச ஜூனியர் தரவரிசையிலும் கணக்கு இதுதான்: சிங்கிள்ஸ் புள்ளி முழுசாகச் சேரும், டபுள்ஸ் புள்ளி கால் பங்குதான் சேரும். டபுள்ஸை மட்டும் நம்பினால் நல்ல போட்டிகளுக்குள் நுழைவதே கஷ்டம்.

சரி, பணத்துக்கு வருவோம். கடிதத்தில் நீங்கள் நேரடியாகக் கேட்காவிட்டாலும், அப்பாவின் கோபத்துக்கு அடியில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

தொழில்முறை டென்னிஸின் ஆகக் கீழ்ப் படி, எம்15 என்று சொல்லும் 15,000 டாலர் போட்டிகள். அங்கே சிங்கிள்ஸ் வென்றவருக்கு 2,160 டாலர். டபுள்ஸ் வென்ற ஜோடிக்கு சுமார் 930 டாலர். கவனியுங்கள், ஜோடிக்கு. ஆளுக்குப் பாதி என்றால் நம் காசில் நாற்பதாயிரம் பக்கம், அதிலும் வரி பிடித்தம் உண்டு. அந்த வாரத்துக்கு விமானம், அறை, சாப்பாடு, ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுவது எல்லாம் சேர்த்தால் வெளிநாட்டில் ஒரு லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும். கோப்பையை வென்ற வாரத்திலேயே நஷ்டம். முதல் சுற்றில் தோற்ற வாரத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தரவரிசைப் புள்ளியும் இப்படித்தான். எம்15 பட்டத்துக்கு 15 புள்ளி. அப்படிப் பதினாறு பட்டம் வென்றால் 240. ஆடவர் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பின் ஏடிபி 250 என்கிற போட்டியை ஒரே ஒருமுறை வென்றால் 250. 2024 செப்டம்பரில் சென்னை ஜோடி ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் சீனாவின் ஹாங்சோவில் வென்றார்களே, அது அந்த மட்டத்துப் போட்டி. அந்த ஒரு வாரத்துக்குப் பின்னால் எத்தனை ஆண்டு எம்15-உம் நடு மட்டத்து சாலஞ்சர் போட்டிகளும் கிடக்கின்றன என்பதை யாரும் செய்தியில் எழுதுவதில்லை.

மேலே போனால் பணம் உண்டு, ஆனால் அங்கேயும் டபுள்ஸ்காரர் சித்தி வீட்டுப் பிள்ளைதான். 2024 விம்பிள்டனில் சிங்கிள்ஸ் முதல் சுற்றில் தோற்று வெளியேறியவருக்கு 60,000 பவுண்டு. டபுள்ஸ் முதல் சுற்றில் தோற்ற ஜோடிக்கு 15,750, அதாவது ஆளுக்கு எட்டாயிரத்துக்கும் குறைவு. கோப்பை வென்ற ஜோடிக்கு 6,50,000 பவுண்டு. சிங்கிள்ஸ் சாம்பியனுக்கு 27 லட்சம். அதே 2024-ல் ஏடிபி குறைந்தபட்ச வருமான உத்தரவாதம் ஒன்றைத் தொடங்கியது. அது முதல் 250 இடங்களுக்குள் இருக்கும் சிங்கிள்ஸ் வீரர்களுக்கு. டபுள்ஸ் தரவரிசையை வைத்து அதில் இடம் கிடையாது.

2025 அமெரிக்க ஓப்பனில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கலப்பு இரட்டையரை 32 ஜோடியிலிருந்து 16 ஜோடியாகக் குறைத்து, முக்கியப் போட்டி தொடங்கும் முன்பே இரண்டு நாளில் முடித்தார்கள். சிங்கிள்ஸ் நட்சத்திரங்களை வைத்தே பெரும்பாலான இடங்களை நிரப்பினார்கள். பரிசு மட்டும் பத்து லட்சம் டாலராக ஏறியது. டபுள்ஸையே நம்பிப் பிழைக்கிறவர்கள் கொதித்துப்போனார்கள். கடைசியில் ஜெயித்தது யார் தெரியுமா? முந்தைய ஆண்டு சாம்பியன்களான இத்தாலியின் சாரா எரானியும் ஆண்ட்ரியா வவசோரியும். இரண்டு பேருமே டபுள்ஸ்காரர்கள்! எனக்கு அன்று நல்ல சந்தோஷம். ஆனால் பெற்றோராக நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: போட்டி நடத்துகிறவர் நினைத்தால் ஒரே அறிவிப்பில் பாதி இடங்கள் காணாமல் போகிற தொழில் இது.

இவ்வளவு சொல்லிவிட்டு, ஏன் இதைத் தொழிலே அல்ல என்று நான் சொல்லவில்லை? வயதுதான் காரணம். மைதானத்தில் ஓட வேண்டிய தூரம் குறைவு, கண்ணும் கையும் மூளையும் அதிகம். ஏடிபி போட்டிகளில் கேம் டியூஸ் என்கிற சமநிலைக்கு வந்தால் ஒரே புள்ளியில் முடிவு, மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டைபிரேக் என்று ஆட்டமும் குறுகியது. அதனால் ஆயுள் நீளம். போபண்ணா 2021-ல் ஐந்து மாதம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல், போதும் என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பும் நிலைக்கு வந்தவர். முட்டியில் குருத்தெலும்பு தேய்ந்து, ஐயங்கார் யோகாவால் தேறி வந்தார். 2024 ஜனவரியில், 43 வயதில், மேத்யூ எப்டனோடு ஆஸ்திரேலிய ஓப்பன் வென்று உலகின் முதலிடத்துக்கு வந்தார். உங்கள் பக்கத்து ஊர்க்காரர், கோயம்புத்தூர் ஸ்ரீராம் பாலாஜி, போபண்ணாவோடு பாரிஸ் ஒலிம்பிக் ஆடியபோது வயது 34. அதே ஆண்டு பிப்ரவரியில் இஸ்லாமாபாத்தில், நாட்டுக்கு நாடு ஆடும் டேவிஸ் கோப்பை. புல்தரை ஆட்டம் என்பதால் பாலாஜியைச் சிங்கிள்ஸில் இறக்கினார்கள், வென்று கொடுத்தார். முப்பத்து மூன்று வயதில் டபுள்ஸ்காரரிடம் போய் சிங்கிள்ஸ் கேட்கிறார்கள். அந்த ஆட்டத்தை அவர் எந்த வயதில் கற்றார் என்று தம்பியிடம் கேளுங்கள்.

இந்தத் தொழிலில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று ஜோடி. கல்யாணத்துக்காவது ஜாதகம் பார்க்கிறோம். இங்கே தரவரிசை பார்த்து, பெயர் கொடுக்கும் கடைசி நாளுக்கு முன் வாட்ஸ்அப்பில் கேட்டு முடித்துக்கொள்கிறார்கள். இருவர் தரவரிசையையும் கூட்டித்தான் போட்டிக்குள் எடுப்பார்கள். அதனால் உன்னைவிட மேலே இருப்பவன் உன்னோடு ஆட அவனுக்கு ஒரு காரணம் வேண்டும். கீழே இருப்பவனோடு ஆடினால் நீ கீழே இறங்குவாய். என்னிடம் வந்துபோன ஒரு பையனின் ஜோடி சீசன் நடுவில் வேறு ஆளோடு போய்விட்டான். செய்தி மூன்றே வரி. இவன் அடுத்த ஆறு வாரத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். யார் மேலும் தப்பில்லை, தொழில் அப்படி. பூபதி, பயஸ் மாதிரி 1999-ல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிக்கும் போன ஜோடியே பிரிந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு யார் யாரோடு ஆடுவது என்பது நாட்டுச் சண்டையாகவே ஆனது. தம்பி தோற்றபிறகு ஜோடியிடம் எப்படிப் பேசுகிறான் என்று ஒருநாள் வேலிக்கு வெளியே நின்று கவனியுங்கள். அவன் பேக்ஹேண்டைவிட அது எனக்கு முக்கியம்.

அப்புறம், படிப்பு. இங்கே நான் அப்பா பக்கம், முழுசாக இல்லை. ஓப்பன் ஸ்கூல் கெட்டது அல்ல; என்ஐஓஎஸ் என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் சான்றிதழ் செல்லும், நிறைய டென்னிஸ் பிள்ளைகள் அதில் படிக்கிறார்கள். ஆனால் டபுள்ஸ்காரருக்கு இருக்கும் சிறந்த வழி அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ், அதற்கு மதிப்பெண் வேண்டும். அங்கே அணிக்கும் அணிக்குமான ஆட்டம் டபுள்ஸில்தான் தொடங்கும்: மூன்று டபுள்ஸ், ஒவ்வொன்றும் ஒரே செட், இரண்டை வென்ற அணிக்கு ஒரு புள்ளி. அப்புறம் ஆறு சிங்கிள்ஸ். ஏழு புள்ளியில் நான்கு எடுத்தால் வெற்றி என்பதால் அந்த முதல் புள்ளியை எந்தக் கோச்சும் விட மாட்டார். டபுள்ஸில் பெயர் எடுத்தவர்களைப் பாருங்கள்: பிரையன் சகோதரர்கள் ஸ்டான்ஃபோர்டில் ஆடியவர்கள், ஜோ சாலிஸ்பரி மெம்ஃபிஸில், ராஜீவ் ராம் இலினாய்யில், நம் ஜீவன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், பூபதி மிசிசிப்பியில். இந்தப் பட்டியல் தற்செயல் அல்ல. வாரம் தவறாமல் டபுள்ஸ் ஆட வைத்து, கூடவே பட்டமும் கொடுக்கிற இடம் வேறு எங்கும் இல்லை.

ஆனால் "முழு உதவித்தொகை வாங்கித் தருகிறேன்" என்று வரும் முகவரிடம் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். 2025-க்கு முன்புவரை அமெரிக்கக் கல்லூரி டென்னிஸின் முதல் பிரிவில் ஒரு ஆண்கள் அணிக்கு மொத்தமே நாலரை உதவித்தொகைதான், அதை எட்டுப் பத்துப் பேருக்குப் பிரிப்பார்கள். இப்போது விதி மாறிக்கொண்டிருக்கிறது. எந்தக் கல்லூரி எவ்வளவு தரும் என்பதை அந்தக் கல்லூரிக் கோச்சிடமே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். ப்ளஸ் டூ முடித்துவிட்டு "ஒரு வருஷம் ஆடிப் பார்க்கிறேன்" என்று சும்மா இருந்தால் அங்கே ஆடும் தகுதி குறையும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். யுடிஆர் என்கிற மதிப்பீட்டில் சிங்கிள்ஸுக்கும் டபுள்ஸுக்கும் தனித்தனி எண் உண்டு. கோச்சுகள் முதலில் பார்ப்பது சிங்கிள்ஸ் எண்ணை.

உள்ளூரிலும் வழி இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு, தமிழக அரசு வேலைகளில் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் உதவித் திட்டங்களையும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் சான்றிதழ்தான் உயிர். எந்த மட்டத்துப் போட்டி, எந்த ஆண்டு என்று படிவத்தில் கேட்பார்கள். இப்போதே ஒரு கோப்பு போட்டு அடுக்குங்கள். பின்னால் தேடினால் கிடைக்காது.

பயோ மேத்ஸ் எடுக்க வேண்டாம். அவனுக்கு டாக்டர் ஆசை இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. காமர்ஸ் அல்லது கம்ப்யூட்டர் சயன்ஸ், வருகைப்பதிவில் விட்டுக்கொடுக்கும் பள்ளி, காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டரை. இரண்டு ஆண்டுக்கு இது போதும். போட்டிகளில் சிங்கிள்ஸ், டபுள்ஸ் இரண்டுக்கும் பெயர் கொடுக்கட்டும். டபுள்ஸ் பயிற்சிக்கு வாரத்தில் இரண்டு நாள் போதும். ஒரு நாள் எதிராளியின் காலடியில் தாழ்வாகத் திருப்புகிற ரிட்டர்ன். இன்னொரு நாள் இரண்டாவது சர்வீஸ், அதற்குப் பின் முதல் வாலி. பயிற்சியாளரிடம் இப்படியே கேளுங்கள். "அதெல்லாம் வேண்டாம், முழுநேரம் வந்தால்தான்" என்று சொன்னால், மாதக் கட்டணம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். பல நேரம் பதில் அதில் இருக்கும்.

வருகிற ஆறு போட்டிகளுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். நீங்களே வேலிக்கு வெளியே உட்கார்ந்து குறிக்கலாம்: முதல் சர்வீஸ் எத்தனை உள்ளே விழுந்தது, ரிட்டர்ன் எத்தனை உள்ளே போனது, டபுள் ஃபால்ட் எத்தனை. சிங்கிள்ஸுக்குத் தனிப் பக்கம், டபுள்ஸுக்குத் தனிப் பக்கம். அதோடு அப்பாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எண்களைப் பார்த்துப் பேசினால் அவர்கள் இருவரும் சண்டை போடுவது குறையும்.

ஒன்று எழுத மறந்துவிட்டீர்கள். தம்பி இடது கையா வலது கையா? டபுள்ஸில் எந்தப் பக்கம் நின்று ரிட்டர்ன் ஆடுகிறான்?