20 ஆண்டா, 15 ஆண்டா?

அன்புள்ள ஐயா,
வீடு வாங்க 30 லட்சம் கடன் எடுக்கிறோம். 8.5 சதவீதம், மாறும் வட்டி. 15 ஆண்டில் அடைத்துவிட வேண்டும் என்கிறார் மாமனார். 20 ஆண்டு இருக்கட்டும் என்கிறார் கணவர். நான் தனியார் பள்ளி ஆசிரியை. மே மாதம் எனக்குச் சம்பளம் கிடையாது. எது சரி?
எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

அந்த மே மாதத்தை மாமனார் கணக்கில் எடுத்தாரா?

15 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 29,540 ரூபாய். 20 ஆண்டுக்கு 26,035. வித்தியாசம் 3,500 சொச்சம். தவணையை மட்டுமே கட்டிக்கொண்டு போனால் 20 ஆண்டுக் கடனில் வட்டி 9 லட்சத்துக்கு மேல் கூடும். மாமனார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தவணைக்கு மேல் கட்டக் கூடாது என்று யார் சொன்னது? பத்திரம் 20 ஆண்டுக்கே இருக்கட்டும். முடிந்த மாதங்களில் அந்த 3,500-ஐயும் அசலில் கட்டுங்கள். ஒரு மாதமும் விடாமல் கட்டினால் கடன் 15 ஆண்டிலேயே தீரும். மே மாதம் அந்தக் கூடுதல் 3,500 முடியவில்லையா, அதை விட்டுவிடுங்கள், வங்கி கேட்காது. 15 ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டவருக்கு அந்தச் சலுகை இல்லை. நகைதான் அடகுக்கடைக்குப் போகும்.

மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பவரிடம் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. (நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.) சில வங்கிகள் சிறு தொகையை வாங்காது, சில மாதங்கள் சேர்த்துவைத்துக் கட்டலாம். கட்டும்போது, "தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். அசலில்தான் வரவு வைத்தார்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

வட்டி ஏறவும் செய்யும். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டிதான் ரெப்போ விகிதம்; அது ஏறினால் உங்கள் மாறும் வட்டியும் ஏறும். 2022 மே மாதத்துக்கு முன் 4 சதவீதமாக இருந்த அது 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. சம்பளத்தின் விளிம்புவரை தவணையை வைத்துக்கொண்டவர் அப்போது எங்கே நகர்வார்?

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு. கையில் தங்கும் 3,500 தானாக அசலுக்குப் போய்ச் சேராது. தீபாவளி வரும், புதுக் கைபேசி வரும், மைத்துனர் கைமாற்று கேட்பார். மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சாத வீடு என்றால் மாமனார் சொல்வதுதான் உங்களுக்குச் சரி. கடந்த ஓராண்டு வங்கிக் கணக்கைக் கணவருடன் உட்கார்ந்து புரட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.