"நான் ஏன் கருப்பா பிறந்தேன்?" – தோல் மருத்துவரிடம் சில கேள்விகள்

தோல் மருத்துவராக என்னிடம் வரும் இளம் பிள்ளைகளில் பலருக்குத் தோலில் நோய் எதுவும் இருக்காது. தங்கள் முகம் தங்களுக்கே பிடிக்காமல் போயிருக்கும். அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு 16 வயது. "நான் ஏம்மா கருப்பா பிறந்தேன்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். மெடிக்கலில் ஏதோ க்ரீம் வாங்கிப் பூசினாள். ஒரே மாதத்தில் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது ஒரு நாள் விட்டாலும் முகம் சிவந்து எரிகிறது, பருவும் வருகிறது. – ஒரு அம்மா, திண்டுக்கல்

அம்மா, அந்த டியூபின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. கரப்பான், அரிப்பு போன்ற நோய்களுக்கு, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் நாங்கள் எழுதித் தரும் மருந்து அது. பூசிய சில வாரங்கள் முகம் வெளுத்து மினுமினுக்கும். பிறகு தோல் மெலியும், உள்ளே இருக்கும் சின்ன ரத்தக் குழாய்கள் தெரியும், கன்னத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரியும் என்பதால் பிள்ளைகள் திரும்பத் திரும்ப அதையே பூசுவார்கள். 2018இல் மத்திய அரசு இந்த வகை க்ரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனால் பல கடைகளில் இன்னும் கேட்டவுடன் எடுத்துத் தருகிறார்கள்.

நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிட வேண்டாம். டியூபோடு ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள், படிப்படியாகக் குறைப்பார். சரியாக மாதங்கள் ஆகும், ஆனால் பெரும்பாலும் தேறிவிடும். தயவுசெய்து பிள்ளையைத் திட்டாதீர்கள். அவளாகக் கண்டுபிடித்த ஆசை இல்லை இது, விளம்பரங்கள் ஊட்டியது.

கேள்வி: பெயரே இல்லாத டப்பாவில் வரும் வெளிநாட்டு க்ரீம்கள் பரவாயில்லையா?

வேண்டவே வேண்டாம். அவற்றில் பலவற்றில் பாதரசம் இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுப்பதால் அது நிறத்தைக் குறைக்கும். ஆனால் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023இல் கேரளாவின் மலப்புரத்தில் சிறுநீரகப் பாதிப்போடு வந்தவர்களை விசாரித்தபோது, அவர்கள் இப்படிப்பட்ட க்ரீம் பூசியது தெரியவந்தது.

கேள்வி: எல்லாவற்றுக்கும் விளம்பரத்தையே குறை சொல்வது சரியா? டிவி வருவதற்கு முன்பே நம் ஆட்களுக்குச் சிவப்புத் தோல்மேல் மோகம் இருந்ததே.

இருந்தது, மறுக்கவில்லை. "கருப்பே அழகு, காந்தலே ருசி" என்று பழமொழி சொல்லிக்கொண்டே, பெண் பார்க்கப் போனால் நிறம் கேட்டவர்கள்தான் நாம். ஆனால் விளம்பரம் அந்த மோகத்தை எடுத்து, இதற்குக் கடையில் மருந்து இருக்கிறது என்றது. 1975இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' வந்தது. அதன் விளம்பரங்களில் கருப்பான பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் அமையாது. சிவந்த பிறகு இரண்டும் தேடி வரும். 2005இல் ஆண்களுக்கும் தனி க்ரீம் வந்தது. தோலுக்கு வெயில் தாங்கும் சக்தியைத் தருவதே மெலனின்தான். அதைக் குறையாகக் காட்டினால்தான் க்ரீம் விற்கும். 2020இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' பெயரில் இருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. ஆனால் இத்தனை வருடங்களாக அந்த விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த பெண்கள்தான் இன்று அம்மாக்கள்.

ஃபிஜித் தீவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே நன்றாகச் சாப்பிட்டுப் பூசினாற்போல் இருப்பதுதான் அழகு. 1995இல் நட்ரோகா என்ற பகுதிக்கு டிவி வந்தது. வந்த புதிதில் பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது, எடை குறைக்க வாந்தி எடுப்பதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. 1998இல் 11 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். மூன்றே வருடம்! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கேள்வி: என் 14 வயது மகள் ஃபில்டர் போடாமல் போட்டோவே எடுக்க மாட்டாள். மூக்கு பெரிதாக இருக்கிறதாம், ஆபரேஷன் செய்யலாமா என்கிறாள்.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. செல்ஃபி முகத்துக்குப் பக்கத்தில் எடுப்பது. லென்சுக்கு மிக அருகே இருப்பது மூக்குத்தான் என்பதால் அது பெரிதாக விழும். 12 அங்குலத் தூரத்தில் எடுத்தால் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஐந்தடி தள்ளி நின்று நீங்கள் ஒரு படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து அவளையே பார்க்கச் சொல்லுங்கள். நான் சொன்னதை நம்பாத பிள்ளைகள் இதைப் பார்த்து நம்பியிருக்கிறார்கள்.

கேள்வி: எனக்கு 19 வயது. ஜிம்முக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது, சிக்ஸ் பேக் வரவில்லை. கூட இருப்பவர் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார். – ஒரு மாணவர், கோவை

தம்பி, போடாதே. வெளியில் இருந்து ஆண் ஹார்மோன் ஏற்றினால் உன் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும், மார்பு பெண்களுக்குப் போல வீங்கும், இதயமும் பாதிக்கும். முதுகெல்லாம் பருவோடு என்னிடம் வந்த பையன்களில் சிலர் ஊசி விஷயத்தைக் கடைசிவரை சொல்லவே இல்லை. நீ கேட்டாயே, அதுவே நல்லது.

திரையில் தெரியும் அந்த வயிறு, ஒரு சில நாள் படப்பிடிப்புக்காகத் தண்ணீரும் உப்பும் குறைத்து, எண்ணெய் பூசி, விளக்கு வைத்து எடுப்பது. அந்த நடிகரே அடுத்த மாதம் அப்படி இருக்க மாட்டார். நீ உடற்பயிற்சியை விடாதே. முட்டை, பருப்பு, கடலை சாப்பிடு, நன்றாகத் தூங்கு.

கேள்வி: இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடுக்க வழியே இல்லையா?

கொஞ்சம் இருக்கிறது. கருப்பாக இருப்பவர்களைத் தாழ்வாகக் காட்டக்கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2014இல் விதி வகுத்தது. நீங்களும் அங்கே புகார் கொடுக்கலாம். நார்வேயில் உடம்பைத் திருத்திய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று 2022 முதல் சட்டமே இருக்கிறது. நமக்கும் அது வேண்டும்.

கேள்வி: விளம்பரத்தைக்கூட ஒதுக்கிவிடலாம் அக்கா. வீட்டு விசேஷத்துக்குப் போனாலே "என்ன இப்படிக் கருத்துட்ட, குண்டாயிட்ட" என்கிறார்கள். நான் போவதையே நிறுத்திவிட்டேன்.

கண்ணு, விளம்பரம் சொல்வதையே வீட்டுப் பெரியவர்களும் சொல்கிறார்கள். கெட்ட எண்ணம் இருக்காது, ஆனால் வலிக்கும். இந்தப் பதிலை உன் அம்மாவிடம் காட்டு. அம்மா, அடுத்த முறை யாராவது அப்படிக் கேட்டால் அவள் பதில் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லுங்கள்: "அவ நல்லாத்தான் இருக்கா. வேற பேசுவோம்."